இலை ஏன் கசிகிறது? செல் சவ்வின் எதிர்ப்பை அளக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தாவர நோயியல் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் மாணவரிடம் சீக்கிரமே வந்து சேரும் வேலைகளில் ஒன்று, இலைத் துண்டுகளை நீரில் மிதக்கவிட்டு, அந்த நீரின் மின்கடத்துத்திறனை மணிக்கொரு முறை குறித்துக்கொள்வது. அயனிக் கசிவுச் சோதனை என்பார்கள். கருவி மலிவு, செய்முறை எளிது. முடிவைப் படிப்பதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். மீட்டரில் எண் ஏறியதும் "சவ்வு சேதம்" என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. சவ்வைக் கிருமி துளைத்ததா, தாவரமே திறந்துவிட்டதா, நீங்கள் வெட்டிய காயத்திலிருந்து ஒழுகியதா என்று அந்த எண் சொல்லாது. அதைச் சொல்ல வைப்பதற்கு இரண்டு விஷயங்கள் தேவை: சரியான ஒப்பீடுகள், சரியான நேரக் குறிப்பு. இந்தக் கட்டுரை முழுக்க அந்த இரண்டையும் பற்றியதுதான்.

மேல்நிலை வகுப்பில் உயிரியல் படித்திருந்தால் போதும், பின்தொடரலாம்.

அளப்பதற்கு முன்: சவ்வில் என்ன நடக்கிறது

நம் உடலில் இருப்பதுபோல் கிருமியைத் தேடி ஓடும் வெள்ளணுக்கள் தாவரத்தில் இல்லை. ஒவ்வொரு செல்லும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். செல் சுவருக்கு உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்மா சவ்வில்தான் வெளியே இருப்பதை உணரும் ஏற்பிகள் பதிந்திருக்கின்றன.

நன்றாக ஆராயப்பட்ட ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாக்டீரியா நீந்த உதவும் கசையிழை, ஃபிளஜெலின் என்ற புரதத்தால் ஆனது. அதில் 22 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு இருந்தாலே போதும், ஆய்வகங்களில் மாதிரிச் செடியாக வளர்க்கும் அராபிடாப்சிஸ் விழித்துக்கொள்ளும். அந்தத் துண்டுக்கு எஃப்எல்ஜி22 என்று பெயர். அது சவ்விலுள்ள எஃப்எல்எஸ்2 என்ற ஏற்பியில் அமர்ந்தவுடன், பிஏகே1 என்ற துணை ஏற்பி வந்து சேர்ந்துகொள்கிறது. அடுத்த ஓரிரு நிமிடங்களில் கால்சியம் செல்லுக்குள் பாய்கிறது. பாய்வதற்குப் பம்பு எதுவும் தேவையில்லை. வெளியே உள்ள கால்சியத்தின் அளவு உள்ளே இருப்பதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு; சேனல் திறந்தால் போதும். கூடவே ஹைட்ரஜன் அயனிகள் உள்ளே போகின்றன, பொட்டாசியமும் குளோரைடும் வெளியே வருகின்றன, சவ்வின் மின்னழுத்தம் சரிகிறது. அதே வேகத்தில் ஆர்பிஓஎச்டி என்ற சவ்வு நொதி, வெளிப்புறத்தில் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கத் தொடங்குகிறது. அது 10, 15 நிமிடத்தில் உச்சம் தொட்டு, பிறகு அடங்கிவிடும். அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள், வேலை முடிந்த எஃப்எல்எஸ்2 ஏற்பிகளைச் சவ்வு உள்ளிழுத்துக்கொள்கிறது.

இவ்வளவும் நடந்தும் செல் சாவதில்லை. இதை மனதில் இருத்திக்கொள்ளுங்கள்: எதிர்ப்பின் முதல் கட்டம், உயிருள்ள சவ்வு தெரிந்தே செய்யும் அயனிப் பரிமாற்றம். சாதாரண மீட்டரில் இது பெரும்பாலும் கண்ணில் படாது.

இரண்டாம் கட்டம் வேறு. கிருமி ஊசி போன்ற ஓர் அமைப்பால் தன் புரதங்களைச் செல்லுக்குள் செலுத்துகிறது. மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு என்பது அதன் பெயர். அந்தப் புரதங்களின் வேலையை, செல்லுக்குள் காவல் இருக்கும் எதிர்ப்புப் புரதம் கண்டுகொண்டால் நிலைமை சட்டென்று மாறும். அராபிடாப்சிஸின் இசட்ஏஆர்1 புரதம் தூண்டப்பட்டதும் ஐந்து ஐந்தாகச் சேர்ந்து சக்கர வடிவம் எடுக்கிறது என்று 2019-இல் தெரிந்தது. அந்தச் சக்கரம் பிளாஸ்மா சவ்வில் செருகிக்கொண்டு, தானே கால்சியம் நுழையும் சேனலாக மாறுகிறது என்று 2021-இல் காட்டினார்கள். கோதுமைத் தண்டுத் துருநோயை எதிர்க்கும் எஸ்ஆர்35 புரதமும் அப்படியே என்பது 2022-இல் உறுதியானது. ஆக, சவ்வில் துளை போடுவது கிருமி மட்டுமல்ல, செடியும்தான். அந்தச் செல் செத்து, தன்னோடு கிருமியையும் அங்கேயே முடக்கிப்போடுகிறது. மீயுணர்வு எதிர்வினை என்பது இதுதான். ஆய்வகப் பேச்சில் "எச்ஆர்".

துருநோயை எதிர்க்கும் புல்லில் தொற்று விழுந்த இடத்துச் செல்கள் மட்டும் உடனே மடிவதை 1902-இல் எழுதியவர் ஆங்கிலேயத் தாவரவியலாளர் மார்ஷல் வார்ட். அதற்கு இருபது ஆண்டுகள் முன்பு, 1880 முதல் 1882 வரை, இலங்கையில் காப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த துருநோயை ஆராய அனுப்பப்பட்டவரும் அவரே. மீயுணர்வு என்ற சொல்லை நிலைநாட்டியது 1915-இல் அமெரிக்க நோயியலாளர் ஸ்டேக்மன்.

நாம் அளக்கப்போவது இந்த இரண்டாம் கட்டத்தை.

முதல் படி: சவ்வைக் கண்ணால் பாருங்கள்

நேராகக் கிருமியில் இறங்க வேண்டாம். பள்ளியில் செய்த ரியோ இலைச் சோதனையை மறுபடி செய்யுங்கள். இலையின் கீழ்ப்புறத்து ஊதாத் தோலை உரித்து, ஒரு துண்டை 5 சதவீத உப்பு நீரிலும், இன்னொன்றை வெறும் நீரிலும் வையுங்கள். மூன்றாவது துண்டைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, அதையும் உப்பு நீரில் வையுங்கள். நுண்ணோக்கியில் முதல் துண்டில் ஊதா நிறம் சுவரை விட்டு விலகிச் சுருங்கியிருக்கும். உப்பு நீரை மாற்றி நல்ல நீர் ஊற்றினால் மெல்ல விரிந்து பழைய இடத்துக்கு வரும். கொதிநீரில் போட்ட துண்டில் சுருங்குவதற்கு எதுவும் இருக்காது. நிறம் வெளியேறி வெளிறிக் கிடக்கும். சுருங்கி விரிகிற சவ்வு உயிரோடு இருக்கிறது, நிறத்தைக் கொட்டிவிட்ட சவ்வு செத்துவிட்டது. பிறகு மீட்டரில் காணப்போகும் எண்ணுக்குப் பின்னால் இந்தக் காட்சி இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: செடி, கிருமி, ஒப்பீடு

செடிக்குப் புகையிலை நல்லது. இலை பெரியது, நரம்புகள் தெளிவானவை, ஊசியில்லாத சிரிஞ்சால் திரவத்தை ஏற்றுவது சுலபம். இந்த வழிமுறையைப் பிரபலமாக்கியவர் ஹங்கேரி நாட்டு நோயியலாளர் க்ளெமென்ட். 1963-இல் புகையிலை இலையில் பாக்டீரியாவை ஏற்றி, நோயுண்டாக்கும் இனங்களை ஒரே நாளில் பிரித்தறியலாம் என்று காட்டினார்.

கிருமிக்குச் சூடோமோனாஸ் சிரிஞ்சி தக்காளி வகை, டிசி3000 இனம். தக்காளியில் இது நோயுண்டாக்கும்; புகையிலையிலோ எச்ஆர் தூண்டும். உங்கள் நிறுவனத்தின் உயிர்ப்பாதுகாப்புக் குழு அனுமதித்திருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று ஒப்பீடுகள் இல்லாமல் தொடங்கவே கூடாது.

- வெறும் கரைசல் ஏற்றிய இலை. காயமும் ஈரமும் தரும் கசிவை இது காட்டும்.
- ஊசி அமைப்பு பழுதான பிறழ்வினம். டிசி3000-இல் எச்ஆர்சிசி மரபணு போன இனம் இதற்கென்றே எல்லாரும் வைத்திருப்பது. பாக்டீரியா இருக்கும், ஃபிளஜெலின் இருக்கும், செல்லுக்குள் செலுத்தும் வழி மட்டும் இருக்காது. அதாவது முதல் கட்டம் உண்டு, இரண்டாம் கட்டம் இல்லை.
- எதுவும் ஏற்றாத இலை.

இடமில்லை, நேரமில்லை என்று ஒன்றை விடச் சொன்னால் நான் கடைசியானதை விடுவேன். பிறழ்வினத்தை ஒருபோதும் விடமாட்டேன். இந்தச் சோதனையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

மூன்றாம் படி: நீரும் மீட்டரும்

பாதிச் சோதனைகள் இங்கேயே கெடுகின்றன. காய்ச்சி வடித்த நீர், அல்லது அயனி நீக்கிய நீர் வேண்டும். மீட்டரில் 2 மைக்ரோசீமன்ஸுக்குள் காட்டினால் நல்லது. வீட்டு ஆர்ஓ நீர் குடிக்க நன்றாக இருக்கலாம், இதற்கு உதவாது. அதில் கரைந்திருக்கும் உப்பே இலையின் கசிவை மறைத்துவிடும். ஆர்ஓ பழுது பார்ப்பவர் சட்டைப்பையில் வைத்திருக்கும் டிடிஎஸ் பேனாவும் உள்ளுக்குள் மின்கடத்துத்திறனைத்தான் அளக்கிறது. காட்டும்போது ஓர் எண்ணால் பெருக்கி பிபிஎம் ஆக்கிவிடுகிறது. கல்லூரியில் விளக்கிக் காட்ட அது போதும். ஆய்வேட்டில் எழுதுவதற்குச் சிறு அளவு நீரில் நனையும் முனை கொண்ட மீட்டர் வேண்டும்.

மீட்டரை 1413 மைக்ரோசீமன்ஸ் திட்டக் கரைசலால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் கடத்துத்திறன் ஏறத்தாழ 2 சதவீதம் ஏறும். காலையில் ஏசி ஓடும்போதும், மின்வெட்டுக்குப் பின் மாலையிலும் எடுத்த எண்களை ஒப்பிட்டால், அறையின் சூட்டைத்தான் அளந்திருப்பீர்கள். வெப்பநிலைத் திருத்தம் உள்ள மீட்டராகப் பார்த்து வாங்குங்கள். இருந்தாலும் வெப்பநிலையைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

நான்காம் படி: இலைக்குள் ஏற்றுதல்

பாக்டீரியாவை முந்தின நாள் இரவு கிங்ஸ் பி ஊடகத்தில் 28 டிகிரியில் வளர்த்து, மையநீக்கியில் சுற்றி, 10 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடில் இரண்டு முறை கழுவி, 600 நானோமீட்டரில் ஒளியடர்த்தி 0.1 வருமாறு கலக்குங்கள். மில்லிலிட்டருக்கு 5 கோடி முதல் 10 கோடி பாக்டீரியாக்கள் இருக்கும். இதைவிட மிகக் குறைத்தால் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சாகும், மீட்டருக்குத் தெரியாது.

ஐந்தாறு வாரச் செடியில், முழுதாக விரிந்த, ஆனால் மஞ்சள் தட்டத் தொடங்காத இலையைத் தேர்ந்தெடுங்கள். 1 மில்லி சிரிஞ்சின் முனையை இலையின் அடிப்புறத்தில் வைத்து, மேற்புறத்தை விரலால் தாங்கிக்கொண்டு மெதுவாக அழுத்துங்கள். திரவம் பரவும் இடம் கரும்பச்சையாக மாறிக்கொண்டே போய்ப் பக்க நரம்பில் முட்டி நின்றுவிடும். இரண்டு பக்க நரம்புகளுக்கு நடுவிலுள்ள பட்டை ஒவ்வொன்றும் தனி அறைபோல இருப்பதால், ஒரே இலையில் எல்லா ஒப்பீடுகளையும் அடுத்தடுத்து ஏற்றிவிடலாம். இலைக்கு இலை உள்ள வேறுபாடு இதனால் குறையும். ஓரத்தை மார்க்கரால் உடனே குறியுங்கள். ஈரம் காய்ந்ததும் எங்கே ஏற்றினோம் என்பது தெரியாது. சிரிஞ்ச் வழுக்கினால் திரவம் முகத்தில் பீச்சும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அழுத்திய இடத்தில் வட்டமாகக் காயம் தெரிந்தால் அந்த இடத்தைத் தவிர்த்துவிட்டுத் துண்டு வெட்டுங்கள்.

ஐந்தாம் படி: வெட்டு, கழுவு, மிதக்கவிடு

ஈரம் காய்ந்த உடன், 1 செ.மீ. கார்க் துளைப்பானால் ஒவ்வொரு பட்டையிலிருந்தும் ஐந்து வட்டங்கள் வெட்டி, ஒரே குழாயில் போடுங்கள். துளைப்பான் கூராக இருக்க வேண்டும், மழுங்கியது நசுக்கும்.

வெட்டியவுடன் அளக்கக் கூடாது. விளிம்பில் அறுபட்ட செல்களின் உப்பு முழுவதும் வெளியே வரும். அது மட்டுமல்ல, நீங்கள் ஏற்றிய 10 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடின் கடத்துத்திறனே 2000 மைக்ரோசீமன்ஸுக்கு மேல். அதில் மிச்சம் இலைக்குள் இருக்கும். எனவே 50 மில்லி நீரில் அரைமணி நேரம் மிதக்கவிட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிதாக 20 மில்லி ஊற்றுங்கள். இந்தக் கணம்தான் உங்கள் பூஜ்ஜிய நேரம். கிருமி ஏற்றிய நேரத்தையும் தனியே எழுதுங்கள். பின்னால் வரைபடத்தில் எந்த நேரத்திலிருந்து எண்ணினீர்கள் என்று யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள்.

ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் குறைந்தது நான்கு குழாய்கள், வெவ்வேறு செடியிலிருந்து. ஒரே செடியின் நான்கு குழாய்களை வைத்துப் பிழைக்கோடு வரைவது நம்மூர் ஆய்வேடுகளில் அதிகம் பார்க்கும் வழக்கம். அது ஒரு செடியைப் பற்றிய தகவல் மட்டுமே.

ஆறாம் படி: அளவீடு

குழாயை மெல்லச் சுழற்றி, முனையை நனைத்து, எண் நிலைத்ததும் குறியுங்கள். ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது முனையை வடிநீரில் கழுவித் துடையுங்கள். முதல் பத்து மணி நேரம் மணிக்கொரு முறை, பிறகு 24-ஆம் மணி. இரவில் தூங்கலாம், ஆனால் வளைவு ஏறத் தொடங்கும் நேரத்தைத் தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

முடிந்ததும் குழாய்களை மூடி ஆட்டோகிளேவில் வைத்தோ, கொதிநீரில் 20 நிமிடம் வைத்தோ எல்லாச் செல்களையும் கொன்றுவிடுங்கள். அறை வெப்பநிலைக்கு ஆறியபின் மறுபடி அளந்தால் மொத்த அயனி கிடைக்கும். உதாரணத்துக்கு, வெறும் நீர் 2, உங்கள் அளவு 42, மொத்தம் 202 என்றால், கசிவு (42 − 2) ÷ (202 − 2), அதாவது 20 சதவீதம். இலையின் தடிமனும் வயதும் குழாய்க்குக் குழாய் மாறுவதை இந்தச் சதவீதம் ஓரளவு சரிக்கட்டும்.

ஏழாம் படி: வளைவைப் படித்தல்

வெறும் கரைசல் தரும் கோடு சற்றே ஏறித் தட்டையாகும். பிறழ்வினத்தின் கோடு கிட்டத்தட்ட அதையே ஒட்டிப்போகும். டிசி3000-இன் கோடு சில மணி நேரம் இவற்றோடு சேர்ந்தே நடந்து, பிறகு பிரிந்து செங்குத்தாக ஏறும். பிரியும் அந்த நேரம்தான் உங்கள் முடிவு. 24-ஆம் மணியின் உச்ச எண் அல்ல. இலை வாடித் தாள்போல் ஆவது இதற்குப் பின்னால்தான் கண்ணுக்குத் தெரியும்.

வெளியே வருவதில் முக்கியமானது பொட்டாசியம். புகையிலையில் சூடோமோனாஸை வைத்து 1985-இல் அட்கின்சனும் உடனாளர்களும் செய்த ஆய்வில், பொட்டாசியம் வெளியேறும்போதே ஹைட்ரஜன் அயனி உள்ளே போவதைக் காட்டினார்கள். சவ்வு வெறுமனே கிழிந்திருந்தால் இப்படி முறையாக மாற்றிக்கொள்ளாது. அதனால் கையில் பிஎச் மீட்டர் இருந்தால், மிதக்கும் நீரின் பிஎச் அளவையும் குறித்துவையுங்கள், செலவில்லாத சான்று.

இனிச் சிக்கலான பகுதி. கோடு ஏறினால் எச்ஆர் என்று சொல்லிவிடலாமா? கூடாது. நோயிலும் கசிவு உண்டு. சூடோமோனாஸ் சிரிஞ்சியின் சில இனங்கள் சுரக்கும் சிரிஞ்சோமைசின் நஞ்சு, தானே சவ்வில் துளை போடும். செல்லுக்குள் செலுத்தப்படும் ஏவிஆர்இ என்ற புரதம், பிளாஸ்மா சவ்வில் நீரையும் கரைபொருளையும் கசியவிடும் சேனலாகிறது என்று 2023-இல் வெளியானது. இலையின் உட்புறத்தை ஈரமாக்கிக்கொண்டு கிருமி அதில் பெருகுகிறது. நோய்க்கு இடம்கொடுக்கும் செடியிலும் ஒன்றிரண்டு நாளில் மீட்டர் ஏறத்தான் செய்யும். வேகமும் நேரமும்தான் வேறு. பாக்டீரியா எண்ணிக்கை இன்னும் தெளிவாகச் சொல்லும்: எச்ஆர் என்றால் எண்ணிக்கை தேங்கும், நோய் என்றால் பல மடங்கு பெருகும். கசிவு வரைபடத்துக்குப் பக்கத்தில் அந்த எண்ணிக்கை இல்லாத கட்டுரையை நான் அரைகுறை என்றே எடுத்துக்கொள்வேன்.

இந்தக் குழப்பம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு அமெரிக்க ஓட்ஸ் பயிரின் கதை போதும். விக்டோரியா என்ற ஓட்ஸின் வழிவந்த, துருநோயை எதிர்க்கும் ரகங்கள் 1940-களில் அங்கே பரவலாகப் பயிராயின. அதே ரகங்களைத் தேடிவந்து தாக்கியது ஒரு புதிய பூஞ்சை நோய். 1946-இல் அதைப் பற்றி எழுதினார்கள். பூஞ்சை சுரந்த விக்டோரின் என்ற நஞ்சு, அந்த ரகங்களின் திசுவில் மட்டும் அயனிக் கசிவை உண்டாக்கியது. 1960-களில் வீலர், பிளாக் என்ற ஆய்வாளர்கள் மின்கடத்துத்திறன் மீட்டரை வைத்தே இதை அளந்தார்கள், இன்று நீங்கள் செய்வதுபோலவே. சவ்வை நஞ்சு சிதைக்கிறது என்று நீண்ட காலம் கருதப்பட்டது. அராபிடாப்சிஸில் விக்டோரினுக்கு ஆளாகக் காரணமான மரபணுவை 2007-இல் பிரித்தெடுத்தபோது, அது எதிர்ப்புப் புரதங்களின் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருந்தது. செல்லைச் சாகவைத்தது செடியின் சொந்தக் காவல் ஏற்பாடு. செத்த திசுவைத் தின்று வாழும் பூஞ்சை அதைத் தூண்டிவிட்டு லாபம் பார்த்தது. மீட்டர் அன்றும் சரியான எண்ணைத்தான் காட்டியது.

ஆகவே கிருமி எந்த வகை என்று முதலில் பாருங்கள். உயிருள்ள செல்லை நம்பி வாழும் துரு, சாம்பல் நோய்ப் பூஞ்சைகளுக்குச் செல் சாவு முட்டுக்கட்டை. செத்ததைத் தின்னும் பூஞ்சைகளுக்கு அதுவே விருந்து. வரைபடத்தில் இரண்டும் ஒரே மாதிரி ஏறும்.

எட்டாம் படி: இன்னொரு சான்று

அதே இலையின் இன்னொரு பட்டையிலிருந்து எடுத்த துண்டை 0.25 சதவீத இவான்ஸ் நீலச் சாயத்தில் அரைமணி வைத்து, நீரில் நன்றாக அலசுங்கள். முழுச் சவ்வு சாயத்தை வெளியே நிறுத்தும். போன சவ்வு உள்ளே விடும். பச்சையத்தைச் சூடான எத்தனாலில் நீக்கினால் நீலம் தெளிவாகத் தெரியும். டிரைபன் நீலம் இன்னும் கூர்மையான படம் தரும். ஆனால் அதில் ஃபீனால் உண்டு, சாயமே புற்றுநோய் ஐயத்துக்குரியது. நச்சுப்புகையை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு (ஃப்யூம் ஹூட்) இல்லாத இடத்தில் தொடவேண்டாம்.

சவ்வுக் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்ததா என்று பார்க்கத் தயோபார்பிட்யூரிக் அமிலச் சோதனை உண்டு. 532 நானோமீட்டர் அளவிலிருந்து 600-இன் அளவைக் கழிப்பார்கள். சிவப்பு, ஊதா நிறமி அதிகமுள்ள இலையில் இது பொய்யாக ஏறும். ரியோ இலையில் செய்து ஏமாற வேண்டாம்.

வேலை முடிந்ததும் குழாய், இலை, சிரிஞ்ச், செடியின் மிச்சம் எல்லாம் ஆட்டோகிளேவுக்குப் போக வேண்டும். கழுவிய முதல் நீரும் சேர்த்துத்தான். அதில்தான் பாக்டீரியா அதிகம்.

இந்த மீட்டர் எங்கே உதவாது

நெல் மாணவர்கள் அடிக்கடி கேட்பது: பாக்டீரியா இலைக்கருகல் எதிர்ப்பை இதே முறையில் அளக்கலாமா? ஹைதராபாத்தில் உருவாகி 2008-இல் வெளியான மேம்படுத்திய சம்பா மசூரி நெல் ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று எதிர்ப்பு மரபணுக்கள் சேர்த்திருக்கிறார்கள். எக்ஸ்ஏ21 காட்டு நெல்லிலிருந்து வந்தது. பிளாஸ்மா சவ்வில் உட்காரும் ஏற்பி. எக்ஸ்ஏ13 சவ்விலுள்ள ஒரு சர்க்கரைக் கடத்தியின் மரபணு. கிருமி வழக்கமாக அந்த மரபணுவைத் தட்டி எழுப்பித் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளும். எதிர்ப்பு வடிவத்தில் அந்த மரபணுவின் தொடக்கப் பகுதி மாறியிருப்பதால் எழுப்ப முடிவதில்லை. மூன்றாவதான எக்ஸ்ஏ5, உட்கருவில் மரபணுப் படியெடுப்புக்கு உதவும் புரதத்தைச் சேர்ந்தது.

மூன்றில் இரண்டு சவ்வில் நடக்கும் காரியம்தான். ஆனால் அங்கே சவ்வு பெரிதாக எதையும் கொட்டுவதில்லை. ஒன்று உணர்கிறது, மற்றொன்று கொடுக்க மறுக்கிறது. மீட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் "வேறுபாடு இல்லை" என்று தவறாக எழுதுவீர்கள். அதற்குக் கத்தரிக்கோல் முறையே சரி: கத்தரிக்கோலைப் பாக்டீரியாக் கரைசலில் நனைத்து, இலை நுனியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, 14-ஆம் நாள் கருகல் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று சாதாரண அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள்.